நாற்றங்காலுக்கு என்ன கூலி?

ஒரு நிமிஷம் நீங்கள் ஒரு கால்பந்து கிளப்பின் முதலாளி என்று வைத்துக்கொள்ளுங்கள். காசா பணமா, நினைத்துக்கொள்வதில் என்ன குறைந்துவிடப் போகிறது?

உங்கள் அணியில் பதினோரு பேர் ஆடுகிறார்கள். ஆனால் ஜெயிக்க வைப்பது மூன்று பேர்தான் என்பது உங்களுக்கும் தெரியும், எதிரிக்கும் தெரியும். ஒருநாள் பணக்கார கிளப் ஒன்று பெட்டியோடு வந்து நிற்கிறது. முடியாது என்று முறுக்கிப் பார்க்கிறீர்கள். பையன்களுக்கே போக ஆசை. வேறு வழியில்லாமல் கையெழுத்துப் போட்டாயிற்று. இப்போது கையில் பணம் இருக்கிறது, மைதானத்தில் மூன்று ஓட்டை இருக்கிறது. என்ன செய்வீர்கள்?

கேட்க சுலபமாக இருக்கிறது, இல்லையா? பெரிய பெரிய கிளப்புகளே இதில் தடுக்கி விழுந்திருக்கின்றன.

லண்டனில் டாட்டன்ஹாம் என்று ஒரு கிளப். 2013-இல் தன் உயிர்நாடியான காரெத் பேலை ரியல் மாட்ரிட்டுக்கு விற்றது. அந்தக் காசை நம்பி ஒரே சீசனில் ஏழு பேரை வாங்கிப்போட்டார்கள். ஒரு சிங்கத்துக்குப் பதில் ஏழு புலி என்று கணக்கு. கணக்கு நோட்டில் அழகாகத்தான் இருந்தது. டிசம்பர் மாதமே கோச்சின் வேலை போய்விட்டது. ஏழு பேரில் டென்மார்க்காரரான எரிக்சன் நன்றாகத் தேறினார், அது உண்மை. ஆனால் அந்த கிளப்பைத் தூக்கி நிறுத்திய ஆள் அந்த ஏழில் இல்லை. சிறுவனாக இருந்தபோதே அவர்கள் அகாடமிக்கு வந்து, வேறு வேறு கிளப்புகளுக்கு இரவலாகப் போய்த் திரும்பி, யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளாமல் பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஹாரி கேன் என்ற பையன்தான். 2023-இல் அவர் ஜெர்மனியின் பேயர்ன் மியூனிக்குக்குப் போனபோது டாட்டன்ஹாமுக்காக 280 கோல் அடித்திருந்தார். அந்த கிளப்பின் சரித்திரத்திலேயே அவ்வளவு அடித்தவர் வேறு யாரும் இல்லை.

இன்னொரு ரகமும் உண்டு. லிவர்பூல் 2018 ஜனவரியில் கோட்டின்யோவை பார்சிலோனாவுக்கு விற்றது. அவர்கள் ஏழு பேரை வாங்கவில்லை. எங்கே ஒழுகுகிறது என்று பார்த்து அங்கே மட்டும் ஓடு மாற்றினார்கள். அதே மாதம் தடுப்பாட்டத்துக்கு வான் டைக், கோடையில் கோல்கீப்பர் அலிசன். 2019-இல் ஐரோப்பிய சாம்பியன். கூரை முழுக்கப் பிரித்துப் போட்டவனுக்கும் ஒழுகும் இடத்தை அடைத்தவனுக்கும் உள்ள வித்தியாசம் அது.

'இதெல்லாம் வெள்ளைக்காரன் சமாசாரம், நமக்கென்ன?' என்று நீங்கள் பக்கத்தைப் புரட்டுவதற்குள் கோயம்புத்தூருக்கு வந்துவிடுகிறேன்.

சென்னை சிட்டி எஃப்.சி. பெயரில் சென்னை, ஆடியது கோவை நேரு ஸ்டேடியத்தில். 2018-இல் அவர்களுடைய நட்சத்திரம் கன்னியாகுமரி மாவட்டத்து மைக்கேல் சூசைராஜ் ஜாம்ஷெட்பூருக்குப் போனார். முடிந்தது கதை என்று எல்லோரும் நினைத்தபோது அவர்கள் செய்த காரியம் அபாரம். சிங்கப்பூர்க்காரரான அக்பர் நவாஸை கோச்சாகப் போட்டு, பெரிய பெயர் எதுவும் இல்லாத ஸ்பெயின்காரர்கள் சிலரைத் தேடிப் பிடித்துக் கொண்டுவந்தார்கள். பெத்ரோ மான்சி என்பவர் அந்த ஒரே சீசனில் 21 கோல் போட்டார். 2019 மார்ச் 9. மினர்வா பஞ்சாபை 3-1 என்று தோற்கடித்து ஐ-லீக் கோப்பையைத் தூக்கியது நம்ம ஊர் கிளப். கோவையில் அன்றைக்கு ராத்திரி தீபாவளி.

அடுத்தது என்ன? கோப்பை ஜெயித்த அணி, ஜெயித்ததாலேயே கலைந்தது. நெஸ்டர் ஹைதராபாத்துக்குப் போனார். எட்வின் சென்னையின் எஃப்.சி.க்குப் போனார். மான்சி 2020 ஜனவரியில் ஜப்பானுக்கே போய்விட்டார். திரும்பவும் வெளியூரில் தேடினார்கள். முதல் தடவை விழுந்த தாயம் இரண்டாவது தடவை விழவில்லை. நடுவில் கொரோனாவும் வந்தது. 2020-21 சீசனுக்குப் பிறகு ஐ-லீக் அட்டவணையில் அந்தப் பெயரே இல்லை. சாம்பியன் பட்டத்துக்கும் காணாமல் போனதற்கும் நடுவில் இரண்டே வருஷம்.

சரி, இந்த மூன்று கதையிலும் ஒரு பொது அம்சம் உண்டு. விற்றவன் கையில் காசு வந்தது. அதை நன்றாகச் செலவழித்தானா, கோட்டைவிட்டானா என்பதுதான் கதை. காசே வராமல் வருஷா வருஷம் நல்ல ஆட்டக்காரர்களைப் பறிகொடுக்கும் கிளப் ஒன்று இருந்தால் அதன் டிரான்ஸ்ஃபர் திட்டம் எப்படி இருக்கும்?

அதற்கு நீங்கள் கடலூருக்கு வரவேண்டும்.

கடலூர் என்றால் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? புயல், வெள்ளம், சுனாமி. டி.வி.யில் எங்கள் பக்கத்து ஊர்ப் பெயர்கள் வருவதே தண்ணீர் வரும்போதுதான். ஆனால் பெண்கள் கால்பந்து ஆடுகிறவர்களிடம் கேட்டுப் பாருங்கள். கடலூர் என்றதும் கண் விரியும். விடியற்காலையில் பெண் பிள்ளைகள் பந்தை உதைப்பது பல வருஷமாகவே இந்த ஊருக்குப் பழகிய காட்சி. இங்கே இந்திரா காந்தி விளையாட்டு மற்றும் கல்வி அகாடமி என்று ஒன்று இருக்கிறது. 2018-இல் இந்தியப் பெண்கள் லீக்கின் இறுதிச் சுற்று ஷில்லாங்கில் நடந்தது. நாடு முழுவதிலிருந்தும் வந்து சேர்ந்தவை மொத்தமே ஏழு அணிகள். அதில் ஒன்று இந்தக் கடலூர் அகாடமி. இன்னொன்று மதுரையின் சேது எஃப்.சி. டெல்லி அங்கே இல்லை. கடலூர் இருந்தது. கொஞ்சம் நிறுத்தி இதை நினைத்துப் பாருங்கள்.

அதே 2018 பிப்ரவரியில் கட்டாக்கில் தமிழ்நாடு முதல் முறையாக தேசிய சாம்பியன் ஆனது. தோற்றது யார் தெரியுமா? மணிப்பூர். பெண்கள் கால்பந்தில் மணிப்பூரை ஃபைனலில் ஜெயிப்பது, கிரிக்கெட் ரஞ்சியில் பம்பாயை ஜெயிப்பது மாதிரி. அந்தத் தமிழ்நாடு அணியில் ஆடியவர் கடலூர் இந்துமதி கதிரேசன். இந்தியாவுக்கும் ஆடியவர்.

அடுத்த வருஷம், 2019 மே மாதம் லூதியானாவில் சேது எஃப்.சி. இந்தியப் பெண்கள் லீக்கை வென்றது. நடுக்களத்தில் இந்துமதி. முன்னால் கோல் மழை பொழிந்தவர் நேபாளத்தின் சபித்ரா பண்டாரி. அதற்கடுத்த சீசனில் அதே சபித்ரா கோழிக்கோட்டின் கோகுலம் கேரளாவுக்காக ஆடினார். 2020 பிப்ரவரியில் கோப்பை கோகுலத்துக்குப் போனது. மூன்று வருஷம் கழித்து, 2023 மே மாதம் அகமதாபாத் ஃபைனலில் கோகுலம் 5-0 என்று ஜெயித்தபோது, அந்த அணியில் இந்துமதியும் இருந்தார். கடலூர் மாவட்டத்தின் இன்னொரு பெண்ணான சந்தியா ரங்கநாதனும் இருந்தார்.

பாதையைப் பார்த்தீர்களா? கடலூர், மதுரை, கோழிக்கோடு. சின்ன வாய்க்காலில் இருந்து பெரிய வாய்க்கால், அதிலிருந்து ஆறு. ஒவ்வொரு மதகிலும் யாரோ கோப்பை தூக்குகிறார்கள். ஊற்றுக்கண்ணுக்கு என்ன கிடைத்தது?

இந்தக் கேள்வியோடுதான் நான் சிதம்பரத்தில் ஒரு பி.டி. மாஸ்டரிடம் போய் நின்றேன். ஒரு கல்யாணத்துக்குப் போன இடம். சாயந்திரம் அண்ணாமலை நகர் பக்கம் காலார நடந்தபோது ஒரு மைதானத்தில் பிள்ளைகளுக்குப் பந்து சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். ஐம்பதைத் தாண்டிய மனிதர். கழுத்தில் விசில், காலில் தேய்ந்த ஷூ. அவரிடம் பெரிய மனுஷத்தனமாகக் கேட்டேன்.

"சார், நல்லா ஆடுற பிள்ளைங்களையெல்லாம் பெரிய கிளப் கூட்டிட்டுப் போயிடுதே, அப்புறம் உங்க டிரான்ஸ்ஃபர் பாலிசி என்ன?"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். அப்புறம் சிரித்தார்.

"டிரான்ஸ்ஃபரா? எங்க ஊர்ல டிரான்ஸ்ஃபர்னா டி.சி.தான் சார். ஸ்கூல்ல டி.சி. வாங்கிட்டு ஸ்போர்ட்ஸ் ஹாஸ்டலுக்குப் போவும். அங்கேர்ந்து காலேஜ். அங்கேர்ந்து கிளப்பு. எனக்கு ஒரு போன் வரும், 'சார், செலெக்ட் ஆயிட்டேன்'னு. அவ்ளோதான் நம்ம வரவு."

"வருத்தமா இல்லையா சார்?"

"வருத்தப்பட்டா பொழப்பு ஓடுமா? போன புள்ள போயாச்சு. ஜூன் மாசம் ஆறாங்கிளாஸ்ல புதுசா வரும்ல? அதுல எது ஓடுது, எது விழுந்தாலும் அழுவாம எந்திரிக்குதுன்னு பாத்துக்கிட்டு இருக்கணும். அதான் சார் பாலிசி."

அப்போது ஒரு பெண் ஓடிவந்து, "சார், ஷூ பிஞ்சிடுச்சு சார்" என்றாள். அவர் பையிலிருந்து ஊசியும் தடித்த நூலும் எடுத்துக் கொடுத்தார். பழகிய கை மாதிரி அவளே உட்கார்ந்து தைக்க ஆரம்பித்துவிட்டாள்.

"பூட்ஸ் ஒரு ஜோடி ஆயிரம் ரூவா சார். கட்டாந்தரையில ஒரு வருஷம் தாங்குனா பெரிசு. முட்டை வேணும், பால் வேணும், மேட்சுக்குப் போனா பஸ்ஸு வேணும். யாராவது குடுப்பாங்க. குடுக்கலன்னா இருக்கவே இருக்கு நம்ம சம்பளம்."

சிதம்பரத்தைச் சுற்றி நீங்கள் பஸ்ஸில் போயிருந்தால் தெரியும். காவிரிப் பாசனத்தின் கடைமடை. கீழணையிலும் வீராணத்திலும் தண்ணீர் இருந்தால் பச்சை, இல்லையென்றால் வெடிப்பு. அங்கே சம்பா நடவுக்கு ஒரு ஏக்கருக்கு எட்டு சென்ட் நிலத்தில் நாற்று விடுவார்கள். எரு போட்டு, கண்ணும் கருத்துமாகத் தண்ணி கட்டி வளர்த்து, ஒரு மாசம் போல ஆனதும் பிடுங்கி, முடி முடியாகக் கட்டி, வேறு வயலில் கொண்டுபோய் நடுவார்கள். நாற்றங்கால் என்பதே பிடுங்குவதற்காக வளர்க்கிற இடம்தான். பிடுங்கிவிட்டார்களே என்று அது அழமுடியாது. ஆனால் ஒன்று. எந்த விவசாயியும் நாற்றைப் பிடுங்கிக்கொண்டு நாற்றங்காலை அப்படியே போட்டுவிட்டுப் போவதில்லை. திரும்ப உழுது, உரம் போட்டு, அதையும் நடுவான். அடுத்த வருஷம் அதே இடத்தில்தானே மறுபடி விதை தெளிக்கணும்?

உலகக் கால்பந்தும் இதைக் கண்டுபிடித்து வைத்திருக்கிறது. 1995-இல் போஸ்மான் என்ற பெல்ஜியக்காரர் வழக்குப் போட்டு ஜெயித்தார். ஒப்பந்தம் முடிந்த ஆட்டக்காரனைக் காசு கேட்டுக் கட்டிப்போட முடியாது என்று ஐரோப்பிய நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆட்டக்காரனுக்கு விடுதலை. ரொம்ப நல்லது. ஆனால் அவனைச் சிறுவயதில் வளர்த்த சின்ன கிளப்புக்கு? அதற்காக 2001-இல் ஃபிஃபா தன் விதிகளில் இரண்டு ஏற்பாடுகளைக் கொண்டுவந்தது. ஒன்று, பயிற்சிக்கான நஷ்ட ஈடு. இளம் ஆட்டக்காரரை எடுக்கிற கிளப், அவரை வளர்த்த கிளப்புக்கு ஒரு தொகை தரவேண்டும். இன்னொன்று, பங்குத் தொகை. ஒரு ஆட்டக்காரர் ஒப்பந்தம் முடிவதற்குள் நாடு விட்டு நாடு விற்கப்பட்டால், அந்த விலையில் நூற்றுக்கு 5 அவரை 12 வயதிலிருந்து 23 வயது வரை வளர்த்த கிளப்புகளுக்குப் பிரித்துக் கொடுக்கவேண்டும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். விலை 1 கோடி என்றால் பங்கு 5 லட்சம். 12 முதல் 15 வயது வரை ஒவ்வொரு வருஷத்துக்கும் அதில் நூற்றுக்கு 5, அதற்கு மேல் ஒவ்வொரு வருஷத்துக்கும் நூற்றுக்கு 10. 12-லிருந்து 17 வரை ஆறு வருஷம் வளர்த்த கிளப்புக்கு 2 லட்சம் வரும். நம்ம பி.டி. மாஸ்டர் கணக்கில் இருநூறு ஜோடி பூட்ஸ்.

விதியையும் தாண்டி சாமர்த்தியமாகப் பிழைத்தவர்களும் உண்டு. ஹாலந்தில் வில்லெம் டூ என்று ஒரு சின்ன கிளப். 2015-இல் தன்னிடம் வளர்ந்த ஃப்ரெங்கி டி யோங் என்ற பையனை அயாக்ஸுக்குக் கொடுத்தது. எவ்வளவுக்கு? ஒரே ஒரு யூரோவுக்கு என்றுதான் பத்திரிகைகள் எழுதின. ஆனால் பின்னால் விற்றால் பத்தில் ஒரு பங்கு எங்களுக்கு என்று தாளில் ஒரு வரி. 2019-இல் பார்சிலோனா அந்தப் பையனுக்குக் கொடுத்தது 75 மில்லியன் யூரோ, அதாவது ஏழரைக் கோடி யூரோ. சின்ன கிளப்புக்குக் கூரையைப் பிய்த்துக்கொண்டு கொட்டியது. ஒரே ஒரு வரி செய்த வேலை.

கடலூருக்கும் இப்படி ஏதாவது வராதா என்று கேட்பீர்கள். அங்கேதான் இருக்கிறது வேடிக்கை. அந்தப் பயிற்சி நஷ்ட ஈடு பெண்கள் கால்பந்துக்குப் பொருந்தாது என்று ஃபிஃபா தன் விதிப் புத்தகத்திலேயே ஒரு வரி எழுதிவைத்தது. கேட்டால் காரணமும் சொன்னார்கள். பெண்கள் கால்பந்து இப்போதுதான் வளர்கிறது, இன்னொரு செலவை ஏற்றினால் கிளப்புகள் பெண்களை எடுக்கவே தயங்கும் என்றார்கள். நியாயம் மாதிரிதான் தெரிகிறது. ஆனால் அந்தச் சலுகையின் பாரம் யார் தலையில் விழுகிறது? ஊசிநூல் வைத்திருக்கும் மாஸ்டர் தலையில்.

மற்ற ஏற்பாடாவது உதவுமா? அது பெண்களுக்கும் உண்டு. ஆனால் விலை இருந்தால்தானே பங்கு? 2019 லூதியானா லீக் மூன்று வாரத்துக்குள் முடிந்துவிட்டது. லீக்கே மூன்று வாரம் என்றால் ஒப்பந்தம் எத்தனை நாளுக்கு இருக்கும்? லீக் முடிந்ததும் அந்தப் பெண் யாருடைய ஆளும் இல்லை. அடுத்த வருஷம் யார் கூப்பிட்டாலும் போகலாம். யாரும் யாருக்கும் விற்கவில்லை, வாங்கவில்லை. 2023-24 சீசனிலிருந்துதான் ஊருக்கு ஊர் போய் ஆடுகிற, மாதக்கணக்கில் நீளும் லீக்காக அது மாறியது. இனிமேல்தான் நீண்ட ஒப்பந்தம், விலை என்ற பேச்செல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக வரும்.

உடனே, 'அப்படியானால் பிள்ளைகளைப் போகவிடாமல் பிடித்து வைக்கவேண்டியதுதானே?' என்று யாராவது கேட்டால், தயவுசெய்து அந்தப் பேச்சு வேண்டாம். அந்தப் பெண்களின் வீடுகள் எப்படிப்பட்டவை என்று பார்த்தால் நீங்கள் அப்படிக் கேட்கமாட்டீர்கள். பந்து அவர்களுக்குப் பொழுதுபோக்கு இல்லை. படிப்புக்கு சீட், வேலைக்கு ஒதுக்கீடு, வீட்டுக்கு அரிசி. இந்துமதி தமிழ்நாடு காவல்துறையில் சப்-இன்ஸ்பெக்டர். 2020-இல் கொரோனா ஊரடங்கின்போது அவர் சென்னையில் காக்கிச் சட்டையோடு தெருவில் நின்று வேலை பார்த்தார். கடலூரைவிட்டுப் போயிருக்காவிட்டால் அந்தக் காக்கிச் சட்டை ஏது? போகத்தான் வேண்டும். இன்னும் நிறையப் பேர் போகவேண்டும்.

நான் கேட்பது போகிறவர்களிடம் இல்லை. கூட்டிக்கொண்டு போகிறவர்களிடம்.

ஒரு கிளப் கடலூரிலிருந்தோ சிதம்பரத்திலிருந்தோ ஒரு பெண்ணை எடுக்கிறதா? ஃபிஃபா சொல்லவில்லை என்றால் என்ன, நம்ம ஊர் சங்கம் சொல்லலாமே. பெரிய தொகை வேண்டாம். எடுக்கிற ஒவ்வொரு ஆட்டக்காரிக்கும் அவளை வளர்த்த மைதானத்துக்கு இருபது பந்து, இருபது ஜோடி பூட்ஸ். அந்தப் பெண் பிறகு வெளிநாட்டு கிளப்புக்குப் போனால் பத்தில் ஒரு பங்கு. வில்லெம் டூ எழுதிய அதே ஒரு வரி, தமிழில். இது தர்மம் இல்லை. நாளைக்கு அவர்களுக்கே நாற்று வேண்டுமே! வாங்கி வாங்கியே காலம் தள்ளலாம் என்று நினைத்தவர்களின் கதியைத்தான் கோவையில் பார்த்தோமே.

மாஸ்டரிடம் இந்த யோசனையைச் சொன்னேன். கேட்டுக்கொண்டார். "நல்லாத்தான் சார் இருக்கு. யாரு எழுதுவா?" என்றார்.

நான் எழுதிவிட்டேன். கிளப் நடத்துகிறவர்கள், நடத்துகிறவர்களைத் தெரிந்தவர்கள் யாராவது இந்தப் பக்கத்தைப் படிக்காமலா போய்விடுவீர்கள்? மற்றவர்களுக்கு ஒரு சின்ன வேலை. உங்கள் தெருவில் இருக்கிற பள்ளிக்கூடத்துக்கு ஒருநாள் சாயந்திரம் போய், பெண் பிள்ளைகளுக்கு உதைக்கப் பந்து இருக்கிறதா என்று மட்டும் விசாரியுங்கள். இல்லையென்றால், என்ன செய்யவேண்டும் என்று உங்களுக்கே தெரியும். ஐந்தாம் நம்பர் சைஸ் என்று கேட்டு வாங்குங்கள். சின்னப் பிள்ளைகளாக இருந்தால் நாலாம் நம்பர்.